மூக்கைப் பார்த்து வாங்குங்கள்: பழைய ஜப்பான் மைக்ரோடிப் பென்சில்கள்

பெங்களூரு சிக்பேட்டை சண்டே பஜாரில், தரையில் விரித்த தார்ப்பாயின் மேல், பழைய கால்குலேட்டருக்கும் துருப்பிடித்த காம்பஸுக்கும் நடுவே ஒரு டப்பா நிறையப் பேனா கிடக்கும். ஜப்பான் மைக்ரோடிப் பென்சில், அதாவது பொத்தானை அழுத்தினால் மெல்லிய லெட் வரும் பென்சில், தேடுகிறவர்கள் அந்த டப்பாவைக் கிளறும்போது கிளிப்பில் என்ன பெயர் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பெயர் எங்கும் ஓடிப்போகாது. முதலில் பார்க்க வேண்டியது மறுமுனையை: லெட் வெளியே வரும் மெல்லிய உலோகக் குழலையும் அது செருகியிருக்கும் கூம்பையும். கூம்பை இனி மூக்கு என்றே சொல்கிறேன். மூக்கு ஒழுங்காக இருந்தால் மற்றதை எப்படியாவது சமாளித்துவிடலாம். மூக்கு போய்விட்டால் கையில் மிஞ்சுவது பெயர் மட்டும்தான்.

பொறியியல் வரைபடத்துக்கான பென்சில்களில் இந்தக் குழல் ஏறக்குறைய 4 மி.மீ. நீளம் இருக்கும். ஸ்கேலின் விளிம்பு லெட்டில் உரசாமல் குழலில் உரச வேண்டும், கோடு எங்கே விழுகிறது என்று கண்ணுக்கும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்த நீளம். எழுதுவதற்கான பென்சில்களில் குழல் குட்டையாக இருக்கும், அல்லது சட்டைப் பையைக் குத்தாதபடி உள்ளே போய்விடும். நீளக் குழல் பார்க்க அழகு. ஆனால் மேசையிலிருந்து மொசைக் தரையில் ஒரே ஒருமுறை மூக்குக் குப்புற விழுந்தால் கதை முடிந்தது. வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துக்கொண்டு பென்சிலை விரல்களுக்கு இடையில் மெதுவாகச் சுழற்றுங்கள். குழலின் நுனி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நுனி வட்டம் போட்டால் வளைந்திருக்கிறது. குழல் மூக்கோடு சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று நகத்தால் தள்ளிப் பாருங்கள்.

லேசான வளைவை நிமிர்த்தலாம். 0.5 பென்சிலானால் (எண் லெட்டின் தடிமன், மி.மீ.யில்) மூக்கைக் கழற்றி, 0.5 மி.மீ. எஃகுக் கம்பியைக் குழலுக்குள் விட்டு, கம்பி உள்ளே இருக்கும்போதே கட்டை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். குறடு வைத்தால் குழல் நசுங்கிவிடும், நசுங்கிய குழலில் லெட் நுழையாது. மடிப்பு விழுந்த குழலைத் தொடாமல் விட்டுவிடுவதே மேல். நிமிர்த்தும்போது மடிப்பில் விரிசல் விடும்.

இனி உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால், எந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்பது தானாகவே விளங்கும். பொத்தானுக்குக் கீழே லெட் போடும் குழாய். அதன் நுனியில் பித்தளைச் சக். சக் நீளவாக்கில் இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்திருக்கும், அவைதான் தாடைகள். தாடைகளைச் சுற்றி ஒரு சின்ன வளையம். ஸ்பிரிங் சக்கைப் பின்னுக்கு இழுப்பதால் தாடைகள் வளையத்துக்குள் இறுகி லெட்டைக் கவ்விக்கொள்கின்றன. பொத்தானை அழுத்தினால் சக், வளையம், லெட் மூன்றும் சேர்ந்து முன்னே போகும். வளையம் மூக்கின் உட்புறப் படியில் முட்டி நிற்க, சக் மட்டும் இன்னும் கொஞ்சம் போய் வளையத்தை விட்டு வெளியே வந்து விரியும். கையை எடுத்ததும் சக் பின்னால் போய்விடும். லெட்டும் கூடவே பின்னால் போகாமல் நிற்பதற்கு, மூக்குக்குள் ஒளிந்திருக்கும் கடுகளவு ரப்பர்தான் காரணம். அது லெட்டை லேசாகப் பிடித்து வைத்திருக்கிறது.

பழைய பென்சிலில் அநேகமாகக் கெட்டுப்போயிருப்பது இந்த ரப்பர்தான். அழுத்தும்போது லெட் வெளியே வந்து, விட்டவுடன் உள்ளே ஓடினாலோ, பொத்தானை அழுத்திப் பிடித்துத் தலைகீழாகக் காட்டும்போது லெட் தடையின்றி வழுக்கி விழுந்தாலோ ரப்பர் காய்ந்து சுருங்கியிருக்கிறது, அல்லது முன்னால் வைத்திருந்தவர் குத்திக் குடைந்து தொலைத்திருக்கிறார். எழுதும்போது லெட் உள்ளே அமிழ்ந்தால் கோளாறு தாடையில்: கிராஃபைட் தூள் படிந்திருக்கும், எண்ணெய் பட்டிருக்கும், அல்லது பற்கள் தேய்ந்திருக்கும். 0.7 பென்சிலில் 0.5 லெட் போட்டுவிட்டு "பிடிக்கவில்லை" என்று ஒதுக்கிவைக்கப்பட்டவையும் உண்டு. அந்த வகை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஒவ்வோர் அழுத்தத்துக்கும் லெட் வெளியே வந்து அப்படியே திரும்பிப் போகிறது, வெளியே வந்த நிலையில் இழுத்தாலும் சக் விடவில்லை என்றால், பெரும்பாலும் மூக்கு முழுதாகத் திருகப்படவில்லை. வளையம் படியில் முட்டவில்லை, ஆகவே தாடை விரியவில்லை. ரிப்பேர் என்று முடிவு கட்டும் முன் மூக்கை விரலால் இறுக்கிப் பாருங்கள். விரலால் மட்டும். பிளாஸ்டிக் உடலில் உலோக மூக்கை வலுவாக முறுக்கினால் மரை இருக்கும் இடத்திலேயே மயிரிழை விரிசல் ஓடும். பழைய பிளாஸ்டிக் பென்சில்களில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

மூக்கைக் கழற்றும்போது கீழே ஒரு கைக்குட்டையை விரித்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் வளையம் சக்கிலிருந்து நழுவி விழும். எள்ளுருண்டையிலிருந்து உதிர்ந்த எள் மாதிரி அது தரையில் ஓடிவிட்டால் அந்தப் பென்சில் அத்தோடு சரி. தெருக்கடையில் நின்றுகொண்டு கழற்றுவதானால் உள்ளங்கையைக் குழித்து அதற்குள் கழற்றுங்கள்.

கடைக்குப் போகும்போது 0.5, 0.7 லெட் இரண்டிரண்டு, சின்ன லென்ஸ், 0.3 மி.மீ. கம்பி ஒரு துண்டு, டிஷ்யூ தாள் இருந்தால் போதும். லெட்டைப் போட்டு, அது வெளிவர ஆரம்பித்தபின் பத்து முறை அழுத்துங்கள். 5 முதல் 8 மி.மீ. வரை வந்திருந்தால் நன்று. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வருகிறதா என்பது மொத்த நீளத்தைவிட முக்கியம். பிறகு 1 மி.மீ. மட்டும் வெளியே விட்டு, செங்குத்தாகத் தாளில் ஊன்றுங்கள். வீட்டில் சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் அதன் மேல் ஊன்றிப் பார்க்கலாம். 500 கிராம் காட்டும் வரை லெட் அசையாமல் நின்றால் தாடையைப் பற்றிக் கவலை வேண்டாம். கடைசியில் மிஞ்சும் ஒரு சென்டிமீட்டர் சொச்ச லெட் ஆடுவதைக் கோளாறாக எண்ண வேண்டாம். தாடைக்கும் நுனிக்கும் இடையே உள்ள தூரம் அது, அங்கே பிடிக்க ஆளில்லை.

லெட் அடைத்துக்கொண்டிருந்தால் முன்பக்கத்திலிருந்து குத்தக் கூடாது என்று பலர் சொல்வார்கள். பாதி சரி. மூக்கைக் கழற்றிவிட்டால், அதன் நுனி வழியாகக் கம்பியை விட்டு உடைந்த துண்டைப் பின்பக்கமாகத் தள்ளுவதுதான் முறை. பின்னாலிருந்து தள்ளினால் அகலமான இடத்திலிருந்து குறுகிய இடத்துக்குத் தள்ளுகிறோம், இன்னும் இறுகும். கழற்றாமல் குத்தினால்தான் ஆபத்து. கிடாரின் மிக மெல்லிய எஃகுத் தந்தி இதற்குப் பொருத்தம்: 0.012 அங்குலத் தந்தி 0.3 மி.மீ. இருக்கும், 0.5 பென்சிலுக்குப் போதும். 0.3 பென்சிலுக்கு 0.009 அங்குலத் தந்தி. தையல் ஊசி வேண்டாம். அதன் உடல் போகப்போகத் தடிப்பதால் குழல் வாய் விரிந்துவிடும். சக்குக்குள் துண்டு மாட்டியிருந்தால் பொத்தானை அழுத்தித் தாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தலைகீழாகத் தட்டுங்கள்.

தாடையைச் சுத்தம் செய்ய ஐசோபுரொபைல் ஆல்கஹால். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கும் கடைகளில் சர்க்யூட் போர்டு துடைப்பதற்கென்று வைத்திருப்பார்கள். லெட், ரப்பர், மூக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சக் மட்டும் மூழ்கும்படி கால் மணி நேரம் வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தாடைப் பற்களைத் தேய்த்து, முழுக்க உலர்ந்த பிறகு மாட்டுங்கள். எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம். லெட்டைப் பிடிப்பது உராய்வுதான். தையல் மெஷின் எண்ணெய் விட்டால் பொத்தான் வழவழவென்று இயங்கும், லெட் நிற்காது. உடலில் ஆல்கஹால் படக் கூடாது. மாடல் எண்ணும் பெயரும் அச்சடித்தவையாக இருந்தால் ஒரே துடைப்பில் போய்விடும். உடலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் உருகும். பித்தளை பாலிஷ் போட்டுக் குரோம் பூச்சைத் தேய்ப்பதும் அப்படித்தான். கீழே இருக்கும் மஞ்சள் பித்தளை எட்டிப் பார்க்கும், பிறகு திரும்ப மூட முடியாது.

குழல் அறவே போய்விட்ட பென்சிலை எழுதவாவது பயன்படுத்த ஒரு வழி உண்டு. மருந்துக் கடை ஊசி. 0.5 லெட் என்று பெயரே தவிர உண்மையில் அது 0.56 மி.மீ. அளவில் இருக்கும். 20 கேஜ் ஊசியின் உள்விட்டம் ஏறத்தாழ 0.6, வெளிவிட்டம் 0.9 மி.மீ. ஆகவே லெட் அதில் சரியாக ஓடும். 0.3 பென்சிலுக்கு 22 கேஜ். சுவரின் தடிமன் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், லெட்டை நுழைத்துப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வைர அரத்தால் வெட்டி, உள்வாயில் பிசிறு இல்லாமல் தேய்த்து, மூக்கின் துளையில் ஒட்ட வேண்டும். இப்படிச் செய்ததை விற்கும்போது சொல்லிவிட்டு விற்பதுதான் மரியாதை.

அடுத்து பொத்தான் மூடி. மூக்குக்கு அடுத்தபடியாக விலையைத் தீர்மானிப்பது இதுதான், ஏனென்றால் அதிகம் தொலைவதும் இதுதான். பொத்தான் இல்லாத பென்சிலைப் பாதி விலைக்குத் தந்தாலும் யோசியுங்கள். நர்லிங் போட்ட, அதாவது பிடிமானத்துக்கு வரிவரியாகச் சொரசொரப்பாக்கிய, நேரான உலோக மூடி என்றால் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் சின்ன லேத் பட்டறையில் பித்தளைக் கம்பியிலிருந்து கடைந்து வாங்கலாம். அளவை வெர்னியரில் எடுத்துக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்; "இது மாதிரி ஒண்ணு" என்று வாயால் சொன்னால் வருவது வேறாக இருக்கும். பிளாஸ்டிக் மூடியானால் அதே மாடலில் செத்த பென்சில் ஒன்று கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மூடிக்குக் கீழே இருக்கும் அழிரப்பர் கல்லாகியிருக்கும், பெரும்பாலும் உலோகக் கிண்ணத்தோடு ஒட்டியிருக்கும். சிலவற்றில் அந்த ரப்பரின் அடியில் அடைப்பு எடுக்கும் கம்பி செருகியிருக்கும். பிடுங்கும்போது கம்பி வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் முழுமைக் கணக்கில் சேரும். புது ரப்பரை வெட்டிச் செருகினால் இன்னொரு தொல்லை. வெள்ளை பிவிசி அழிரப்பரில் இருக்கும் மென்மையாக்கி மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ரப்பர் தொட்ட இடத்தில் பென்சில் உடம்பில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணத்தால் பென்சில்களைப் பளபளக்கும் பிவிசி பௌச்சில் வைப்பதும் தவறு.

வயதைக் கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு வருவோம். ஹயகாவா டோகுஜி தன் உலோகத் திருகு பென்சிலைக் கொண்டுவந்தது 1915-ல். அதற்கு வைத்த "ஷார்ப்" என்ற பெயர்தான் பிற்காலத்தில் ஷார்ப் நிறுவனத்தின் பெயரானது. ஜப்பானியர் இன்றும் இந்தப் பென்சிலை "ஷா-பென்" என்கிறார்கள். 1923 நிலநடுக்கத்தில் தொழிற்சாலை அழிந்தபின் அவர் ஒசாகாவுக்குப் போய்விட்டார். அந்தக் காலத் திருகு பென்சில்களுக்கு 1 மி.மீ.க்கு மேல் தடித்த லெட் வேண்டும். களிமண் கலந்த லெட்டை அதைவிட மெலிதாக்கினால் உடைந்துவிடும். பிசின் கலந்து சுட்ட லெட்டைப் பென்டெல் நிறுவனம் 1960-ல் கொண்டுவந்த பிறகுதான் 0.5 சாத்தியமானது. நாம் இங்கே சேகரிப்பு என்று பேசும் பென்சில்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை.

பெட்டியோடு கிடைத்தால் பெட்டியை எறியாதீர்கள், துப்பு அதில்தான் இருக்கிறது. பென்டெல் 1971 வரை டாய் நிஹோன் புங்கு என்ற பெயரில் இருந்தது. பைலட் நிறுவனத்தின் பெயரில் 1989 வரை "மன்னென்ஹிட்ஸு", அதாவது ஊற்றுப் பேனா என்ற சொல் இருந்தது. ஜப்பானில் நுகர்வு வரி முதன்முதலாக வந்தது 1989 ஏப்ரலில், 3 சதவீதம். 1997-ல் 5 ஆனது. ஆகவே ஒட்டிய விலைச் சீட்டில் வரி பற்றிய பேச்சு இருந்தால் அது 1989-க்குப் பிந்தையது. இல்லையென்றால் முந்தையதாக இருக்கலாம், மற்றதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். மாடல் எண்ணிலேயே யென் விலை ஒளிந்திருப்பதும் வழக்கம்: பென்டெலின் கிராஃப் 1000 வெளிவந்தபோது அதன் விலை 1000 யென். இங்கே ஒருவர் எண்ணின் பெருமையைச் சொல்லி விலையை ஏற்றும்போது இது நினைவுக்கு வந்தால் நல்லது.

தொடங்குகிறவர்கள் இன்றும் தயாரிப்பில் உள்ள மாடல்களின் பழைய பிரதிகளை முதலில் வாங்குவது என் கட்சி. பென்டெல் பி205, மூடி போட்ட கெர்ரி, கிராஃப் 1000 எல்லாம் இன்னும் புதிதாகவே வருகின்றன. உதிரிபாகம் வேண்டுமானால் புதியது ஒன்றை வாங்கி, மரை பொருந்துகிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம். அதே காரணத்தால் "அபூர்வம்" என்று பி205-க்குக் கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு நகரலாம். பென்டெல் மெக்கானிகா போன்றவற்றுக்கு விலை தலை சுற்றும். பத்துப் பென்சில் கழற்றி மாட்டிய கை பழகும்வரை அந்தப் பக்கம் வேண்டாம். 1978-ல் வந்த பைலட் 2020 குலுக்கும் வகை. உள்ளே ஓர் எடைக் கட்டை ஓடி, சக்கைத் தட்டி லெட்டைத் தள்ளும். குலுக்கினால் "டக் டக்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே ஏதோ பிசுக்கு. ஆட்டோமேட்டிக் வகைகளில், அதாவது எழுத எழுதத் தானே லெட் வரும் பைலட் ஆட்டோமாக் போன்றவற்றில், சின்னச் சின்னப் பாகம் நிறைய. வேலை செய்கிற ஒன்றை ஆர்வக்கோளாறில் பிரிக்காதீர்கள். ரப்பர் பிடி உள்ளவை காலப்போக்கில் பிசுபிசுக்கும். பிடியை மட்டும் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தால் சில வாரம் தாங்கும், மறுபடி வரும்.

பெங்களூரில் தேட நல்ல இடம் அவென்யூ ரோடும் அதன் சந்துகளும். பழைய ஸ்டேஷனரி மொத்தக் கடைகளில் வரைகருவி அடுக்கு என்று ஒன்று இருக்கும், மேல் தட்டில். "ஹளே ஸ்டாக் இதியா?" (பழைய சரக்கு இருக்கிறதா?) என்று கன்னடத்தில் கேட்கலாம், தமிழில் கேட்டாலும் பதில் வரும். எச்.ஏ.எல், எச்.எம்.டி, ஐ.டி.ஐ, பி.இ.எல் என்று அரசுத் தொழிற்சாலைகளில் வரைபடப் பலகை இருந்த ஊர் இது. கணினி வந்தபின் மேசை டிராயருக்குள் போன பென்சில்கள் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் வீடுகளில் இருக்க வாய்ப்புண்டு. "கிளட்ச் பென்சில்" என்று கேட்டால் 2 மி.மீ. வகையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். "மைக்ரோடிப், 0.5" என்று அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜப்பான் ஏல தளங்களில் இடைத்தரகு சேவை மூலம் வாங்குவதானால், கைபேசி மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாமல் சில சொற்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். "ஹைபான்" என்றால் தயாரிப்பு நின்றது. "மிஷியோ" பயன்படுத்தாதது. "ஸெய்ஸுயோ" வரைபடத்துக்கானது. "நாயிரே" என்றால் உடலில் யாரோ ஒருவர் பெயர் பொறித்திருக்கிறது, விலை குறையும். "தோஸா மிகாகுனின்" என்றால் இயங்குகிறதா என்று பார்க்கவில்லை. பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்கிறவர்களும் உண்டு. "ஜான்க்கு" என்று போட்டிருந்தால் திருப்பிக் கேட்க முடியாது. மூக்கின் நெருக்கப் படம் இல்லாத விற்பனையைத் தாண்டிப் போய்விடுங்கள். கப்பல் செலவும் இடைத்தரகும் சுங்கமும் சேர்த்தால் ஒற்றைப் பென்சில் கட்டுப்படியாகாது, நாலைந்தை ஒரே பொட்டலமாக்க வேண்டும். கூரியரில் வந்தால் ஆதார் அல்லது பான் நகல் கேட்பார்கள். ரசீதில் உண்மை விலையையே போடச் சொல்லுங்கள். குறைத்துப் போட்டு மாட்டினால் பொட்டலம் நிற்கும், வழியில் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

வைக்கும் முன் குழாயில் இரண்டு மூன்று லெட்டுக்கு மேல் விடாதீர்கள். நெருக்கினால் குறுக்கே மாட்டி உடையும். நெடுநாள் வைப்பதற்கு லெட்டே வேண்டாம். உள்ளே உடைந்த தூள் ரப்பரைக் கெடுக்கும். துணி விரித்த மரத்தட்டில் ஒன்றையொன்று தொடாமல் படுக்க வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. வெள்ளி உடல் கொண்டவற்றை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள், கந்தகம் பட்டுப் பட்டையாகக் கறுக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் எடுத்து இருபது தடவை அழுத்திவிட்டு வைத்தால் ஸ்பிரிங் இறுகிப் போயிருப்பது அப்போதே தெரியும்.